இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்

நான் வாயாலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறேன். செங்கல் வாங்கவில்லை, மணல் இறக்கவில்லை, கொத்தனாருக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் பேசினேன். பேசி முடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கட்டடம் நிற்கிறது. மடிப்பாக்கத்தில் என்னை வாயாலேயே வடை சுடுகிற ஆள் என்பார்கள். வடை என்ன பெரிய வடை!

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

என் பெயர் தில்லைநாயகம். ரிடையர் ஆகும்வரை தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நின்றவன். கர்ச்சீப் வாங்க வந்த ஒரு பிரம்மச்சாரிக்குக் கூறைப்புடவை விற்றேன். அதைக் கட்டிக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அவர் அந்த மாசமே பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். என் தொழிலில் ஒரே ஒரு சூத்திரம்தான். புடவையை விரித்துக் காட்டினால் அம்மாக்கள் முந்தானையைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அதே புடவையை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்து, "அது வேண்டாம்மா, ஒருத்தங்க எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரத்துக்கு அந்தப் புடவையைத் தவிர வேறு எதுவும் அவர்கள் கண்ணில் படாது.

அந்த வருஷம்தான் சென்னை முழுக்க எல்.கே.ஜி. சீட்டைப் பொதுக் குலுக்கலுக்கு விட்டார்கள். சிபாரிசு கிடையாது, விடிய விடிய வரிசை கிடையாது. இயந்திரம் குலுக்கும், விழுந்தது விழுந்ததுதான். என் பேத்தி நறுமுகைக்கு நாலு வயது ஆகியிருந்தது. மகன் நிரஞ்சனுக்கு ஓசூரில் வேலை. மாசத்துக்கு ஒருமுறை துவைக்கிற துணியோடு வருவான். மருமகள் சம்யுக்தாவுக்கு மெட்ரோ ரயிலில் சிக்னல் பார்க்கிற வேலை. ஒரு நொடி பிசகக்கூடாத உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. 'ஆயிரம் பேர் வந்தார்கள்' என்று நான் ஆரம்பித்தால், 'எண்ணினீங்களா மாமா?' என்று கேட்கிற ரகம்.

ஒருநாள் அவள் ஒரு குட்டிப் பெட்டியைக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தாள்.

"என்னம்மா, கொசு மருந்தா?"

"தூதன், மாமா. குலுக்கல் ஆபீஸ்ல வீட்டுக்கு ஒண்ணு குடுக்கறாங்க. குலுக்கல் முடிஞ்சதும் ஒரு மாசம் சீட்டைக் கைமாத்திக்கலாம். எங்களுக்கு விழுந்தது உங்களுக்கு, உங்களுக்கு விழுந்தது எங்களுக்குன்னு. இத்தனை அப்பா அம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் போன் போட ஆரம்பிச்சா ஊர் தாங்குமா? அதனால நமக்குப் பதிலா இது மத்த வீட்டுத் தூதனோட பேசும்."

"நமக்கு என்ன வேணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்ல நாம பேசறதைக் கேட்டுட்டே இருக்கும். நம்ம ஆசை என்ன, நாம எப்படிப் பேசுவோம்னு கத்துக்கிட்டு, அதே மாதிரி பேசும். பொய் மட்டும் சொல்லாது. வீட்டு மனசுல என்ன இருக்கோ அதைத்தான் சொல்லும்."

"அப்ப நான் பேசலாமா?"

"பேசாம இருந்தீங்கன்னா ரொம்ப நல்லது."

இங்கேதான் எல்லாரும் கோட்டை விட்டார்கள். எங்கள் வீட்டில் வேறு யார் பேசுகிறார்கள்? மகன் ஓசூரில். மருமகள் வேலை முடிந்து வந்தால் கண்ணாலேயே பேசுவாள். நறுமுகை பேசுவது ஒரே வார்த்தை, 'அப்புறம்?' மிச்சமிருந்த காற்று முழுக்க என்னுடையது.

மதியம் அவளுக்குச் சோறு ஊட்டும்போது கேட்டாள். "தாத்தா, ஸ்கூல்ல என்ன இருக்கும்?"

எனக்கு என்ன தெரியும்? என் காலத்தில் காதைத் தொட்டுக் காட்டி நேராக ஒன்றாம் வகுப்பு. ஆனால் 'தெரியாது' என்று சொன்னால் பட்டுப் பிரிவில் ஒருநாள் கூட நிற்க முடியாது.

"ஏரிக்கரையில ஒரு ஸ்கூல் இருக்கு பாரு," என்றேன். "அங்க வகுப்புக்குள்ளயே ஊஞ்சல். முதுகுல பை தூக்கக்கூடாது, தூக்கினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மத்தியானம் பெரிய டீச்சர்லேருந்து எல்லாரும் தூங்கணும்."

"அப்புறம்?"

"கணக்கு சொல்லித் தர்றது ஒரு கிளி."

"கிளி தப்பா சொன்னா?"

"அன்னிக்கு அதுக்குப் பழம் கிடையாது."

தினம் ஒரு வேளை இதுதான். வளர்ந்துகொண்டே போனது அந்தப் பள்ளி. பெட்டி பக்கத்தில் பச்சை விளக்கோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

குலுக்கல் வந்தது. நறுமுகைக்கு மீஞ்சூரில் சீட். நாங்கள் மடிப்பாக்கம், நகரத்தின் இந்த முனை. அது அந்த முனையையும் தாண்டி. தெருமுனையில், மாடியில் நின்றால் மணிச்சத்தம் கேட்கிற பள்ளிக்கு வெயிட்டிங் லிஸ்ட். என்ன நம்பர் என்று கேட்காதீர்கள், ஒரு வரியில் எழுத முடியாது.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"முதல் வருஷம் அப்பாவோ அம்மாவோதான் கூட்டிட்டுப் போய் விடணுமாம். தாத்தா செல்லாது மாமா." சம்யுக்தா செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மீஞ்சூர் போயிட்டு வந்து நான் எப்ப டியூட்டிக்குப் போறது? அடுத்த மாசம் கன்ட்ரோலர் ப்ரமோஷன். எத்தனை வருஷமா பார்த்துட்டிருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள தெருமுனை ஸ்கூல் கிடைக்கலைன்னா வேலையை விட்டுடுவேன். வேற வழியில்ல."

அழவில்லை. டைம் டேபிள் படிக்கிற குரலில்தான் சொன்னாள். எனக்கு அதுதான் என்னவோ செய்தது.

கைமாற்றுக் காலம் தொடங்கியது. ஒன்றும் நகரவில்லை. ஒவ்வொரு வீடும் கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'நீங்க முதல்ல விடுங்க, அப்புறம் நாங்க' என்றால் எப்படி நகரும்? மனிதர்கள் என்றால் கோபமாவது வரும். தூதன்கள் நாள் முழுக்க மரியாதையாக மறுத்துக்கொண்டே இருந்தன.

ஒருநாள் மதியம் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். பேச்சுவார்த்தையை ஒட்டுக் கேட்கலாம் என்று சம்யுக்தா சொல்லியிருந்தாள்.

"வாங்க வாங்க, உட்காருங்கம்மா. ஜில்லுனு ஏதாவது சாப்பிடறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் குரல் இல்லை, ஆனால் என் பேச்சு! அதுவும் என் கடைப் பேச்சு!

எதிர்த் தரப்புத் தூதன் செய்தி வாசிக்கிற பெண் குரலில் சொன்னது: "எங்களிடம் தெருமுனைப் பள்ளியில் ஓர் இடம் உள்ளது. பதிலுக்கு உங்களிடம் என்ன உள்ளது?"

"அது கெடக்கும்மா. மீஞ்சூர் வேணும்னா பாருங்க, காத்தாட இருக்கும். ஆனா ஏரிக்கரை ஸ்கூலைப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

"ஏரிக்கரைப் பள்ளியா?"

"அதான் கேக்காதீங்கன்னு சொன்னேனே. அது எங்க பாப்பாவுக்குன்னு எடுத்து வச்சது."

 எதிர்த் தூதன், இயந்திரத்துக்கு வெட்கம் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரலில், "அந்தப் பள்ளிக்கு எப்படிப் பதிவு செய்வது?" என்று கேட்டது.

நல்ல மனிதன் என்றால் அங்கேயே பெட்டியை அணைத்திருப்பான். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என் கவுண்டரில் கூட்டம்!

தூதன்கள் பொய் சொல்வதில்லை என்பதால் ஒரு தூதன் சொன்னதை மற்றது சரிபார்ப்பதில்லை. எங்கள் தூதன் பொய் சொல்லவுமில்லை. எங்கள் வீட்டில் அது காதால் கேட்டதெல்லாம் அந்த ஒரு பள்ளியைப் பற்றித்தானே? சாயங்காலத்துக்குள் வேளச்சேரி பேசியது, மறுநாள் அண்ணா நகர் பேசியது. மூன்றாம் நாள் கூவத்துக் கொசுக்கள் கூட ஏரிக்கரைப் பள்ளியைப் பற்றித்தான் பாடின. 'எடுத்து வைத்த' சீட்டுக்காக ஊரே கையில் இருந்ததை விட ஆரம்பித்தது. தெருமுனைப் பள்ளியின் லிஸ்ட், கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி இறங்கியது. வெள்ளிக்கிழமை இரவு நறுமுகைக்கு இடம் உறுதி.

சம்யுக்தா நம்பாமல் இரண்டு தடவை பெட்டியின் திரையைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு கேசரி கிண்டினாள். "எப்படி மாமா இவ்ளோ சீக்கிரம்?" என்று கேட்டதும் நான் மார்பை நிமிர்த்தினேன். "எல்லாம் நான்தாம்மா."

"ஆமா ஆமா. மழை கூட உங்களாலதான் பெய்யுது," என்று சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்துப் பார்த்து ஒரு மாசம் ஆகியிருந்தது. நெய் சட்டைக்கையில் வழிந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை திரை இப்படிச் சொன்னது: தெருமுனைப் பள்ளி இடம், விட்டுக்கொடுக்கப்பட்டது. மீஞ்சூர் இடம், விட்டுக்கொடுக்கப்பட்டது. ஏரிக்கரைப் பள்ளிக்குக் காத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்!

ஊரை நம்ப வைத்த தூதன் தானும் நம்பிவிட்டது. பட்டுப் பிரிவில் முதல் நாளே சொல்லித் தருவார்கள், நாம் விற்கிற புடவைமேல் நாம் ஆசைப்படக்கூடாது என்று. அந்தப் பாடத்தை நான் வீட்டில் சொன்னதே இல்லை.

"மாமா. ஏரிக்கரைப் பள்ளின்னா என்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

"இதுவும் உங்க கதையா? நீங்க பாப்பாவுக்குக் கதை சொன்னீங்க, அதனால மெட்ராஸே சீட்டை விட்டுதா? எனக்கு வேலை போகப்போகுது மாமா. இப்பவுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காலிங் பெல் அடித்தது. இரண்டாம் மாடி நஸ்ரின். ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ், கணவர் இல்லை. மகன் அஷ்ஃபாக் கையைப் பிடித்துக்கொண்டு, தூங்காத கண்ணோடு நின்றாள்.

"அங்கிள், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். ஏரிக்கரை ஸ்கூலுக்கு வேன் வருமா? பக்கத்துலயே ஒரு நல்ல சீட் கெடச்சிருந்துது, எங்க தூதன் இதுதான் பெஸ்ட்டுன்னு அதை விட்டுடுச்சு. மத்தியானம் புள்ளைங்களைத் தூங்க வைப்பாங்களாமே? நல்லதாப் போச்சு, நானும் அந்நேரத்துக்குத் தூங்கிக்குவேன்."

என் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கடை தீப்பிடித்த அன்றைக்குக் கூட நான் பேசிக்கொண்டேதான் வெளியே வந்தவன்.

சம்யுக்தாதான் சொன்னாள். "அக்கா, அப்படி ஒரு ஸ்கூலே இல்லக்கா."

நஸ்ரின் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "விளையாடாதம்மா," என்றாள். பிறகு, "இவனை எங்க சேக்கறது?" என்று மட்டும் கேட்டாள். எங்களைக் கேட்கவில்லை. அஷ்ஃபாக்கின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

நாங்கள் எல்லாரும் ஒரே ஆட்டோவில் குலுக்கல் ஆபீசுக்குப் போனோம். மடியில் ஒன்று, தோளில் ஒன்றாகப் பிள்ளைகள். அங்கே அன்புக்கரசி என்று ஓர் அதிகாரி. மேஜைமேல் ஃப்ளாஸ்க், பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு வைத்த ஒரு பெட்டி.

"ஏரிக்கரைப் பள்ளி இல்லைன்னு யார் சொன்னது?" என்றார் அவர். "நேத்தே வந்திருச்சே."

"வந்திருச்சா?" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

"ஒரு ஸ்கூலுக்குக் காத்திருக்கிற கூட்டம் ஒரு அளவைத் தாண்டினா இயந்திரம் அந்த ஸ்கூலுக்கு இன்னொரு பிரிவு திறந்துடும். சட்டம் அப்படித்தான் போட்டிருக்கு. முதல் பிரிவு இருக்கான்னு பார்க்கணும்னு சட்டத்துல எழுத எங்களுக்குத் தோணலை." ஃப்ளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டார். "மடிப்பாக்கம் ஏரிக்கரையில பூட்டிக் கெடந்த கல்யாண மண்டபங்களை எடுத்துடுச்சு. டீச்சருக்கு எங்க போறதுன்னு நாங்க கையைப் பிசைஞ்சோம். அது போய், பரீட்சை பாஸ் பண்ணிட்டு வேலைக்காக வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கிற டீச்சருங்க லிஸ்ட்டைத் திறந்து மொத்தப் பேருக்கும் ஆர்டர் போட்டுடுச்சு. அதுவும் வெயிட்டிங் லிஸ்ட்தானே சார். ரெண்டு லிஸ்ட்டையும் சேர்த்து வைக்க இத்தனை வருஷமா எந்த மனுஷனுக்கும் தோணலை. காலையில ஒரு டீச்சரம்மா ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டு, இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதுட்டுப் போனாங்க."

நஸ்ரின் பெயரைத் தட்டிப் பார்த்தார். காலையில் நடந்த புதுக் குலுக்கலில் அஷ்ஃபாக்குக்கு இடம் விழுந்திருந்தது. நஸ்ரின் துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நறுமுகை?" என்றாள் சம்யுக்தா.

"வெயிட்டிங் லிஸ்ட்."

"என் பள்ளிக்கூடத்துல எனக்கே வெயிட்டிங் லிஸ்ட்டா!" என்று நான் எழுந்துவிட்டேன்.

"உங்க பள்ளிக்கூடமா?" அன்புக்கரசி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கும் ஒரு வழி இருக்கு. ஸ்கூலுக்கு யோசனை குடுத்தவங்க வீட்டுப் பிள்ளைக்குன்னு தனியா ஒரு சீட் உண்டு. குலுக்கல்ல சேராதது, யார் வயித்துலயும் அடிக்காது. ஆனா தூதன் பேச்செல்லாம் அன்னன்னிக்கே அழிஞ்சிடும், அதனால சாட்சி கிடையாது. காலையிலேருந்து நீங்க பதினோராவது தாத்தா." மேஜைமேல் இருந்த விளக்குப் பெட்டியை என் பக்கம் திருப்பினார். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. நிஜம்னா பச்சை, பொய்னா சிவப்பு."

நான் தொண்டையைச் செருமினேன். "பத்து வருஷமா இந்தப் பள்ளியை மனசுல கட்டிட்டு வந்தேன்..."

சிவப்பு.

"மாமா!"

"சரி சரி. பேத்திக்குச் சோறு ஊட்டறப்ப சொன்னேன். அவ கை தட்டினது மயிலாப்பூர் வரைக்கும் கேட்டுது..."

சிவப்பு.

"கடைசித் தடவை சார்," என்றார் அன்புக்கரசி. "வெறும் நிஜம்."

நான் முயன்றேன். அந்த முயற்சிக்கே எனக்கு ஒரு மெடல் தரலாம். "ஒரு மதியம்," என்று ஆரம்பித்தேன். அது வரை பச்சை. "லட்சோப லட்சம் தாய்மார்கள்..." என்று வாய் தானாகவே போய்விட்டது. சிவப்பு.

நிஜமாக நடந்தது என் வாயில்தான் இருந்தது. நேராக வெளியே வரத் தெரியவில்லை அதற்கு. என் பேத்தியின் சீட்டும், என் மருமகளின் வேலையும் அந்தச் சிவப்பு விளக்கில் போய்க்கொண்டிருந்தன. 

அன்புக்கரசி ஒரு காகிதத்தை எடுத்தார். "இவ்வளவுதான் சார். மேடம், ஸ்கூலோட அரசாணை இது, வேணும்னா வெயிட்டிங் லிஸ்ட்டுக்காக ஒரு பிரதி எடுத்துக்கங்க."

சம்யுக்தா வாங்கிப் படித்தாள். பாதியில் அவள் உதடு அசைய ஆரம்பித்தது. "பைகளுக்கு அனுமதி இல்லை... தலைமையாசிரியை உட்பட அனைவரும் மதியம் உறங்குதல் வேண்டும்... கணக்கு ஆசிரியர், கிளி, பணியிடம் காலி..."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"மேடம்?" என்றார் அன்புக்கரசி.

சம்யுக்தா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்க மாமா சொல்றதுல பாதியை நான் காதுலயே போட்டுக்கறதில்ல சார்... ஸாரி, மேடம். மீதியை நம்பறதில்ல."

பச்சை. அதற்கே பச்சை!

"ஆனா இந்தக் கிளி எனக்குத் தெரியும். குலுக்கல் நடக்கறதுக்கு முன்னாடியே தெரியும். படுக்கப் போறப்ப தினமும் என் பொண்ணு சொல்லுவா. கணக்குக் கிளி, தூங்கற பெரிய டீச்சர், எல்லாமே. தாத்தா சொன்னார்னு சொல்லுவா. நான் டியூட்டி களைப்புல உம் கொட்டிட்டே தூங்கிடுவேன்."

பச்சை.

"அப்ப இவர் பேச்சாலதான் இந்த ஸ்கூல் வந்துதுன்னு நீங்க சொல்றீங்களா?"

சம்யுக்தா என்னைப் பார்த்தாள். நான், என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வேப்பெண்ணெய் குடிக்கச் சொன்ன மாதிரி முகம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"ஆமா மேடம். நடந்துச்சு."

"பெட்டிக்குக் கேட்கலை, கொஞ்சம் சத்தமா."

"நடந்துச்சு மேடம்! எங்க மாமா சொன்னது அப்படியே நடந்துச்சு!"